அப்பாவின் கேபிள் தொழிலை ஏற்கலாமா? முர்டாக் வீட்டு வாரிசை முன்வைத்து ஒரு பதில்

கேள்வி:

வணக்கம் சார். எங்கள் ஊர் பாலக்காடு மாவட்டத்தில், கொழிஞ்சாம்பாறைக்குப் பக்கம். அப்பா 1990களில் மொட்டை மாடியில் டிஷ் வைத்து ஆரம்பித்த கேபிள் தொழில் இன்றும் நடக்கிறது. ஃபைபர் இன்டர்நெட்டும் கொடுக்கிறோம். தமிழும் மலையாளமும் கலந்து ஓடும் உள்ளூர் சேனல் ஒன்றும் உண்டு. எனக்கு 29 வயது, கோயம்புத்தூரில் ஐ.டி. வேலை. அப்பாவுக்கு 63. "வேலையை விட்டுட்டு வா, பார்ட்னராப் போடறேன், எல்லாம் உன் பேர்லதான்" என்கிறார். சனி, ஞாயிறுகளில் ஆபீஸில் உட்கார்ந்து பார்த்தேன். நான் ஒன்று சொன்னால் லைன்மேன்கள் "அண்ணன்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கறேன்" என்று அப்பாவிடம் போகிறார்கள். அப்பாவும் மாற்றிச் சொல்லிவிடுகிறார். அக்காவைப் பொள்ளாச்சியில் கட்டிக் கொடுத்திருக்கிறோம். கல்யாணம் வரை வசூல் கணக்கு முழுவதும் அவள்தான் பார்த்தாள். தம்பி துபாயில் இருக்கிறான். அம்மாவும் அப்பாவைப் பெற்ற பாட்டியும் வீட்டில் இருக்கிறார்கள். எல்லைக்கு அந்தப் பக்கம், தமிழ்நாட்டில், தாத்தா காலத்துத் தென்னந்தோப்பு ஒன்றும் உண்டு. சமீபத்தில், ஃபாக்ஸ் நியூஸ் டிவியும் பல நாட்டுப் பத்திரிகைகளும் நடத்தும் முர்டாக் குடும்பத்து வாரிசு லாக்லன் முர்டாக்கைப் பற்றிப் படித்தேன். 22 வயதில் அப்பா கொடுத்த பதவியை வாங்கிக்கொண்டார், இன்று மொத்தத்துக்கும் அவர்தான் தலைவர். அவர் தயங்கவில்லையே, நான் ஏன் தயங்குகிறேன்? வந்துவிடலாமா?

பதில்:

தம்பி, வணக்கம். வரலாம். தொழில் ஓடுகிறது, உங்களுக்கு வயது இருக்கிறது, அப்பா நல்ல தெம்போடு இருக்கும்போதே கூப்பிடுகிறார். ஆனால் "எல்லாம் உன் பேர்லதான்" என்ற வாய்ச்சொல்லை மட்டும் நம்பி ராஜினாமா எழுத வேண்டாம். லாக்லன் முர்டாக்குக்கு 22 வயதில் பதவி கிடைத்தது உண்மைதான். அந்தப் பதவி அப்பாவுக்குப் பிறகும் தன்னிடம் நிற்கும் என்பது உறுதியானபோது அவருக்கு வயது 54. இடையில் முப்பது வருஷத்துக்கு மேல் ஓடிவிட்டது. நீங்கள் கவனிக்க வேண்டியது அந்த இடைக்காலத்தைத்தான்.

அவருடைய அப்பா ரூபர்ட் முர்டாக்கும் ஒரு வாரிசுதான். 1952 அக்டோபரில் ஆஸ்திரேலியாவில் அவர் அப்பா கீத் முர்டாக் இறந்தபோது ரூபர்ட் ஆக்ஸ்ஃபோர்டில் படித்துக்கொண்டிருந்த 21 வயதுப் பையன். கடனும் மரண வரியும் கட்டுவதற்காக, பிரிஸ்பேன் நகரத்து 'கூரியர் மெயில்' பத்திரிகையில் இருந்த குடும்பப் பங்கை விற்க வேண்டி வந்தது. கையில் மிஞ்சியது அடிலெய்டு நகரத்தில் ஒரு சின்னப் பத்திரிகை நிறுவனம். அதை வைத்துத்தான் மற்றதெல்லாம் வந்தது. விற்றுப் போன 'கூரியர் மெயில்' 1987ல் திரும்பக் கைக்கு வந்தது. 1994ல் பிரின்ஸ்டனில் தத்துவம் படித்து முடித்த மகன் லாக்லனைப் பொது மேலாளராக ரூபர்ட் அனுப்பி வைத்தது அதே பிரிஸ்பேன் நிறுவனத்துக்குத்தான். நம் நாட்டில் மரண வரி 1985ல் ஒழிந்துவிட்டது. ஆகவே வரிக்காக உங்கள் வீட்டில் எதையும் விற்க வேண்டி வராது. விற்க வேண்டி வந்தால் அது பாகத் தகராறினால்தான் வரும். அதைப் பிறகு சொல்கிறேன்.

லாக்லனின் ஆஸ்திரேலிய வருஷங்களைக் கொஞ்சம் நின்று பாருங்கள். அப்பா இருந்தது அமெரிக்காவில். மகன் இருந்தது பிரிஸ்பேனிலும் சிட்னியிலும். 1995ல் 'தி ஆஸ்திரேலியன்' நாளிதழின் பதிப்பாளர் ஆனார், இரண்டு மூன்று வருஷத்தில் அங்கிருந்த மொத்த நிறுவனத்துக்கும் தலைமைக்கு வந்தார். தப்பும் செய்தார், சரியும் செய்தார். தப்பு என்றால் பெரிய தப்பு: ஒன்டெல் என்ற தொலைபேசிக் கம்பெனியில், இன்னொரு ஊடகக் குடும்பத்து வாரிசான ஜேம்ஸ் பேக்கரோடு சேர்ந்து, குடும்ப நிறுவனத்தின் பணத்தைப் போட்டார். 2001 மே மாதம் அது மூழ்கியது. இரண்டு குடும்பத்துக் கம்பெனிகளும் சேர்ந்து இழந்தது 100 கோடி ஆஸ்திரேலிய டாலரை நெருங்கும் தொகை. கிட்டத்தட்ட அதே சமயத்தில், வீடு, மனை விளம்பரங்களுக்கான ஒரு சின்ன இணையதளக் கம்பெனியில் பங்கு வாங்கவும் அவர் நின்றார். ரொக்கம் கொஞ்சம்தான், மீதியைத் தங்கள் பத்திரிகைகளில் விளம்பர இடமாகக் கொடுத்தார்கள். ஆர்.இ.ஏ. என்ற அந்தக் கம்பெனிதான் இன்றைக்கு அவர்கள் கையில் இருக்கும் மிக மதிப்புள்ள சொத்துகளில் ஒன்று. பத்திரிகையின் வரிவிளம்பரம் (கிளாசிஃபைட்) இணையத்துக்குப் போகப்போகிறது என்பதை அந்த வயதுக்காரர் முன்னாலேயே பார்த்தார். பார்த்ததைச் செய்ய அவருக்கு ஒரு தனி இடம் இருந்தது. முடிவும் பழியும் பேரும் அவருடையவை.

பிறகு நியூயார்க்கில், அப்பாவின் நிழலிலேயே, மொத்த நிறுவனத்துக்கும் துணை நிர்வாகத் தலைவர் பதவி. பதவி பெரிதானது, அதிகாரம் சுருங்கியது. டெலிவிஷன் நிலையங்கள் அவர் பொறுப்பில் இருந்தன. ஆனால் ஃபாக்ஸ் நியூஸை நடத்திய ரோஜர் ஏல்ஸ் போன்ற மூத்த அதிகாரிகள் மகனைத் தாண்டி நேராக அப்பாவிடம் போனார்கள். ஒரு நிகழ்ச்சி விஷயத்தில் மகன் வேண்டாம் என்று நிறுத்தி வைத்ததை, அவன் சொல்வதைக் கேட்காதே, செய் என்ற அர்த்தத்தில் அப்பா ஏல்ஸிடம் சொல்லிவிட்டதாக அப்போது பரவலாகச் செய்தி வந்தது. 2005 ஜூலையில் லாக்லன் ராஜினாமா செய்துவிட்டுக் குடும்பத்தோடு சிட்னிக்குப் போனார். உங்கள் ஆபீஸில் சனிக்கிழமை நடக்கிறதே, "அண்ணன்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கறேன்" என்பது, அதே விஷயம்தான். லைன்மேன்களைக் குறை சொல்லாதீர்கள். போஸ்ட்டில் ஏறுகிற ஆள், தனக்குச் சம்பளம் கொடுக்கிறவர் யார், அவசரத்துக்கு முன்பணம் கொடுக்கிறவர் யார் என்று பார்த்துத்தான் பேச்சைக் கேட்பார். நீங்கள் சொன்னதை அப்பா ஒரு தடவை எல்லார் முன்னாலும் மாற்றிவிட்டால், அடுத்த தடவை அவர் உங்களிடம் வரவே மாட்டார்.

ஆகவே அப்பாவிடம் முதலில் கேட்க வேண்டியது பார்ட்னர் பதவி அல்ல, ஒரு தனிப் பகுதி. என் யோசனை, இன்டர்நெட் பக்கத்தை முழுக்க உங்களிடம் கொடுக்கச் சொல்லுங்கள். அதற்குத் தனி பேங்க் கணக்கு, தனியாக இரண்டு ஆள், வசூலும் செலவும் தனி. புது கனெக்ஷனுக்கு என்ன கட்டணம், எந்தத் தெருவுக்கு முதலில் ஃபைபர் இழுப்பது, பழைய பாக்கியை யாருக்குத் தள்ளுபடி செய்வது, எல்லாம் உங்கள் முடிவு. கேபிளும் உள்ளூர் சேனலும் அப்பாவிடமே இருக்கட்டும். கோயில் கமிட்டிக்காரர்களும் நகைக்கடைக்காரர்களும் அவரைப் பார்த்துத்தான் விளம்பரம் கொடுக்கிறார்கள். மாரியம்மன் பண்டிகை நேரலைக்கு அவர் போய் நின்றால்தான் அது நடக்கும். அதை அவரிடமிருந்து பிடுங்கவும் கூடாது, பிடுங்கினால் உங்களால் நடத்தவும் முடியாது. இரண்டு வருஷம் இன்டர்நெட் கணக்கை நீங்களே நடத்திக் காட்டுங்கள். அதற்குள் உங்களுக்கும் தெரிந்துவிடும், அப்பாவுக்கும் தெரிந்துவிடும்.

இன்டர்நெட் என்று நான் சொல்வதற்குக் காரணம் உண்டு. டிவி கனெக்ஷன் எண்ணிக்கை இனி ஏறப்போவதில்லை. போனிலும் ஸ்மார்ட் டிவியிலும் பார்க்கிற தலைமுறை வந்துவிட்டது. கேபிள் மாத வாடகையில் ஒவ்வொரு தரப்புக்கும் எவ்வளவு என்பதை தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் விதிகளும், உங்களுக்குச் சேனல்களைத் தரும் பெரிய கேபிள் நிறுவனமான எம்.எஸ்.ஓ.வின் ஒப்பந்தமும் தீர்மானித்துவிடுகின்றன, உங்கள் கைக்கு அதில் அசைய இடம் குறைவு. உங்கள் அப்பா முப்பது வருஷத்தில் சேர்த்த உண்மையான சொத்து, வீட்டு வாசல் வரை போயிருக்கும் வயரும், எந்த வீட்டில் யார் எந்தத் தேதிக்குப் பணம் கொடுப்பார்கள் என்ற ஞாபகமும்தான். டவுனிலிருந்து வருகிற பெரிய கம்பெனிக்காரன் வடகரப்பதியில் ஒரு தோட்டத்து வீட்டுக்கு ஒரே ஒரு கனெக்ஷனுக்காக ஃபைபர் இழுக்க மாட்டான். உங்களுக்கு அந்தத் தோட்டத்து வரப்பு தெரியும்.

இதை நினைத்துப் பார்த்தால், உங்கள் அப்பா முர்டாக் குடும்பத்தோடு வருஷக்கணக்கில் வியாபாரத் தொடர்பில் இருந்தவர்தான். உங்கள் பகுதியில் அம்மாமார்கள் பார்க்கும் விஜய் டிவியும், பக்கத்து வீட்டு மலையாளக் குடும்பம் பார்க்கும் ஏசியாநெட்டும் ஸ்டார் குழுமத்துக்குள் போயிருந்தன. 2000ல் ஹாங்காங்கில் உட்கார்ந்து ஸ்டாரை நடத்தியவர் லாக்லனின் தம்பி ஜேம்ஸ். 2019ல் அந்த மொத்தத்தையும், ஹாலிவுட் ஸ்டூடியோவோடு சேர்த்து, 7,100 கோடி டாலருக்குச் சற்று மேல் வாங்கிக்கொண்டு டிஸ்னிக்கு விற்றுவிட்டார்கள். 2024ல் அது ரிலையன்ஸோடு சேர்ந்து ஜியோஸ்டார் ஆனது. எது வளரும், எது தேயும் என்று பார்த்துத் தாங்கள் கட்டியதில் பெரும் பகுதியை விற்க அந்தக் குடும்பத்துக்கு மனம் வந்தது. உங்கள் வீட்டிலும் ஒரு நாள் கேபிள் பக்கத்தை விற்கலாமா என்ற பேச்சு வரும். வந்தால் அப்பா மனம் நோகாமல் பேசுங்கள், ஆனால் பேசாமல் இருந்துவிடாதீர்கள்.

லாக்லன் விலகிப் போன பிறகு என்ன ஆனார் என்பதையும் பாருங்கள், ஏனென்றால் கோயம்புத்தூர் வேலையிலேயே இருந்துவிடுவது என்ற வழியும் உங்களுக்கு இருக்கிறது. 2005ல் இலிரியா என்ற சொந்த முதலீட்டுக் கம்பெனி தொடங்கினார். 2009ல் ஆஸ்திரேலியாவில் நோவா ரேடியோ நிலையங்களில் பாதியையும் 2012ல் மீதியையும் வாங்கினார், அது நன்றாக நடந்தது. நம் ஐ.பி.எல். ராஜஸ்தான் ராயல்ஸ் அணியிலும் சிறு பங்கு வாங்கினார். டென் நெட்வொர்க் என்ற டிவி நிறுவனத்தில் 2010ல் பங்கு வாங்கி, கொஞ்ச காலம் தற்காலிகத் தலைமை அதிகாரியாகவும் பிறகு தலைவராகவும் இருந்தார். அது நிமிரவே இல்லை, அவர் தலைவர் பதவியிலிருந்து விலகிய பிறகு 2017ல் நொடித்து அமெரிக்க சி.பி.எஸ். கைக்குப் போனது. வெளியே போனால் எல்லாம் வெற்றி என்றும் இல்லை, தோல்வி என்றும் இல்லை. ஆனால் அந்த ஒன்பது வருஷத்தில் அவருக்குச் சொந்தமாக ஒரு பேர் வந்தது. 2014ல் அப்பா திரும்பக் கூப்பிட்டபோது அவர் வந்தது இணைத் தலைவர் பதவிக்கு. நீங்கள் இன்னும் ஒரு வருஷம் வேலையில் இருந்துகொண்டே வார இறுதிகளில் இன்டர்நெட் பக்கத்தைக் கட்ட ஆரம்பித்தாலும் கெட்டுப்போகாது. வேலை கையில் இருக்கும் வரை அப்பாவோடு பேசுகிற பேச்சுக்கு ஒரு கனம் இருக்கும்.

சரி, இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன்.

2019ல் லாக்லன் ஃபாக்ஸ் கார்ப்பரேஷனின் தலைமை அதிகாரி. 2023 நவம்பரில் அப்பா ஒதுங்க, ஃபாக்ஸ், பத்திரிகைகளை நடத்தும் நியூஸ் கார்ப் என்ற இரண்டு கம்பெனிக்கும் அவரே தலைவர். வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்குக் கதை முடிந்தது. ஆனால் கம்பெனிகளை ஆட்டிவைக்கும் ஓட்டுரிமைப் பங்குகள் லாக்லன் பேரில் இல்லை, ஒரு குடும்ப டிரஸ்டில் இருந்தன. 1999ல் ரூபர்ட்டும் இரண்டாவது மனைவி அன்னாவும் பிரிந்தபோது எழுதிய ஏற்பாடு அது. டிரஸ்டில் ரூபர்ட்டுக்கு நான்கு ஓட்டு, மூத்த பிள்ளைகள் புருடென்ஸ், எலிசபெத், லாக்லன், ஜேம்ஸ் ஆகிய நால்வருக்கும் ஆளுக்கு ஒரு ஓட்டு. ரூபர்ட் போனால் அவருடைய நான்கு ஓட்டும் போய்விடும். பிறகு மற்ற மூன்று பேரும் சேர்ந்து கை தூக்கினால், தலைவர் நாற்காலியில் இருக்கிற லாக்லன் மறுநாளே வெளியே. ஜேம்ஸ், செய்திப் போக்கோடு ஒத்துப்போகாமல் 2020ல் இயக்குநர் குழுவை விட்டே விலகியவர். ஆகவே இது வெறும் கற்பனைப் பயமாக இருக்கவில்லை.

அப்பாவும் மூத்த மகனும் சேர்ந்து, மாற்றவே முடியாது என்று எழுதிய அந்த டிரஸ்டை மாற்றப் பார்த்தார்கள். வழக்கு நெவாடா மாநிலத்து ரீனோ கோர்ட்டில் மூடிய கதவுக்குள் நடந்தது. 2024 டிசம்பரில் கோர்ட் அதிகாரி, இது நல்லெண்ணத்தோடு செய்ததில்லை என்று சொல்லி மறுத்துவிட்டார். 93 வயது அப்பாவும் அவர் பெற்ற பிள்ளைகளும் எதிரெதிர் பக்கத்தில் உட்கார்ந்து வக்கீல் வைத்துப் பேசினார்கள். கடைசியில் 2025 செப்டம்பரில் சமரசம்: புருடென்ஸ், எலிசபெத், ஜேம்ஸ் மூவரும் ஆளுக்குச் சுமார் 110 கோடி டாலர் வாங்கிக்கொண்டு விலகினார்கள், கட்டுப்பாடு லாக்லனிடம் வந்தது. புது டிரஸ்ட் 2050 வரை. 22 வயதில் நாற்காலி கொடுத்தவர் அப்பா. அந்த நாற்காலியை நிலைக்க வைத்தது கூடப்பிறந்தவர்களின் கையெழுத்து. அதற்கு அவர் கொடுத்த விலையைப் பார்த்தீர்களா? பணத்தைச் சொல்லவில்லை.

உங்கள் வீட்டுக்கு வருவோம். அப்பா தனி உரிமையாளராகத்தான் தொழில் நடத்துகிறார் என்று உங்கள் கடிதத்திலிருந்து புரிந்துகொள்கிறேன். கேபிள் பதிவு அவர் பேரில், எம்.எஸ்.ஓ. ஒப்பந்தம் அவர் பேரில், ஜி.எஸ்.டி. அவர் பேரில், மின்வாரியத்து போஸ்ட் வாடகை ஒப்பந்தம் அவர் பேரில். சட்டத்தின் கண்ணில் அந்தத் தொழிலும் அவரும் ஒன்றுதான். நம் பாலக்காட்டுச் சித்தூர் பக்கத்தில் ஒரு குடும்பத்தில் அப்பா திடீரென்று போய்விட்டார். அவருடைய பழைய போனைச் சார்ஜில் போட்டபடியே ஆபீஸ் மேஜை மேல் வைத்திருந்தார்கள். செட்டாப் பாக்ஸ் ஆக்டிவேட் செய்ய, எம்.எஸ்.ஓ.வுக்குப் பணம் கட்ட, எல்லாவற்றுக்கும் ஓ.டி.பி. அந்த நம்பருக்குத்தான் வரும். நடப்புக் கணக்கில் பணம் இருந்தது, எடுக்க முடியவில்லை. வாரிசுச் சான்றிதழ் வாங்கி, புது ஜி.எஸ்.டி. எண் எடுத்து, பழைய வரிக் கழிவைப் புது எண்ணுக்கு மாற்றி முடிப்பதற்குள் போட்டிக்காரர் பாதித் தெருவைக் கொண்டுபோய்விட்டார்.

"பார்ட்னராப் போடறேன்" என்கிறாரே, அது பாதி வழிதான். அப்பாவும் நீங்களும் மட்டும் பார்ட்னர் என்றால், ஒருவர் போன அன்றே அந்த ஃபர்ம் கலைந்துவிடும். ஒற்றை ஆளை வைத்துக் கூட்டு இருக்க முடியாது. அக்காவையோ அம்மாவையோ மூன்றாவது ஆளாகச் சேர்த்து, ஒருவர் மறைந்தாலும் மற்றவர்கள் தொடர்வார்கள் என்று பத்திரத்தில் எழுதினால் நிற்கும். என்னைக் கேட்டால் பிரைவேட் லிமிடெட் நல்லது. பங்குதாரர் மாறினாலும் கம்பெனி மாறாது, பதிவுகளும் ஒப்பந்தங்களும் கம்பெனி பேரிலேயே இருக்கும். கேபிள் ஆபரேட்டர் பதிவு முன்பு தலைமை அஞ்சலகத்தில் வருஷா வருஷம் புதுப்பிப்பதாக இருந்தது. 2025 ஜனவரியிலிருந்து அது ஆன்லைனில், மத்திய ஒலிபரப்பு அமைச்சகத்திடம், ஐந்து வருஷத்துக்கு ஒரு முறை. அடுத்த புதுப்பித்தலுக்கு முன்பே கம்பெனியைத் தொடங்கிவிட்டால் இரட்டை வேலை மிச்சம்.

அப்பா உயில் எதுவும் எழுதாமல் போனால் என்ன ஆகும் என்பதையும் நேராகச் சொல்லிவிடுகிறேன், கேட்கக் கஷ்டமாக இருந்தாலும். உங்கள் குடும்பத்துக்குப் பொருந்துவது 1956ம் வருஷத்து இந்து வாரிசுரிமைச் சட்டம். அப்பாவின் சொந்தச் சம்பாத்தியத்தில் அம்மா, பாட்டி, அக்கா, நீங்கள், தம்பி ஆகிய ஐந்து பேருக்கும் சம பங்கு. "எல்லாம் உன் பேர்லதான்" என்று முப்பது தடவை சொல்லியிருந்தாலும் உங்களுக்கு வருவது ஐந்தில் ஒன்று. பிறகு பாட்டியின் பங்கு அவர் காலத்துக்குப் பின் அவருடைய எல்லாப் பிள்ளைகளுக்கும் போகும், அதாவது அத்தை, சித்தப்பா இருந்தால் அவர்களும் உங்கள் கேபிள் ஆபீஸுக்குப் பங்குதாரர். யாரும் கெட்டவர்களாக இருக்க வேண்டியதில்லை. சட்டம் தானாக அப்படிக் கொண்டுபோய் நிறுத்தும்.

தோப்பு விஷயம் தனி. கேரளத்தில் இந்துக் கூட்டுக் குடும்ப முறையையே 1976 டிசம்பர் 1 முதல் சட்டம் போட்டு ஒழித்தார்கள். தமிழ்நாட்டில் அது இன்னும் உண்டு. எல்லைக்கு அந்தப் பக்கம் இருக்கிற நிலம் தாத்தாவிடமிருந்து அப்பாவுக்கு எப்படி வந்தது, உயிலாலா, பாகப் பத்திரத்தாலா, அல்லது தாத்தா எழுதாமலே போனதாலா என்பதைப் பொறுத்து எல்லாம் மாறும். மூலப் பத்திரம் பார்க்காமல் நான் வாய் திறக்க மாட்டேன். பூர்வீகம் என்று ஆகிவிட்டால் அக்காவுக்குப் பிறப்பாலேயே உங்களுக்குச் சமமான உரிமை. 2005ம் வருஷத்துத் திருத்தம் கொடுத்த உரிமை அது, 2020ல் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. அக்காவின் அந்தப் பாகத்தை அப்பா உயில் எழுதி உங்களுக்கு மாற்ற முடியாது. கேரளத்திலும் 2025 ஜூலையில் உயர் நீதிமன்றம், 2004 டிசம்பர் 20க்குப் பிறகு மறைந்தவர்களின் பூர்வீகச் சொத்தில் மகள்களுக்குச் சம உரிமை உண்டு என்று தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. "பொண்ணுக்கு நகை போட்டு அனுப்பியாச்சு" என்ற பேச்சு இனி எந்தக் கோர்ட்டிலும் நிற்காது.

நிற்காது என்பதற்காக மட்டும் நான் அக்காவைப் பற்றிப் பேசவில்லை. கல்யாணம் வரை வசூல் கணக்கு அவர்தான் பார்த்தார் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அந்தக் காலத்தில் ஆள் வைத்திருந்தால் மாதச் சம்பளம் போயிருக்கும். எந்தத் தெருவில் யார் நாணயமாகக் கொடுப்பார், யார் இழுப்பார் என்பது அப்பாவுக்கு அடுத்து அவருக்குத்தான் தெரியும். முர்டாக் வீட்டிலும் எலிசபெத் இருந்தார். 2001ல் ஷைன் என்று சொந்தமாக நிகழ்ச்சித் தயாரிப்புக் கம்பெனி தொடங்கி வளர்த்து, பத்து வருஷம் கழித்து அதை அப்பாவின் நிறுவனத்துக்கே விற்றவர். கூடப்பிறந்த நால்வரில் தனியாக ஒரு கம்பெனியைக் கட்டி எழுப்பிக் காட்டிய அவர் பேர், தலைமைக்கு யார் என்ற பேச்சில் தம்பிகளுக்குப் பின்னால்தான் வந்தது. அது எனக்கு எப்போதும் அநியாயமாகவே படுகிறது. உங்கள் அக்காவை உங்கள் வீட்டுப் பேச்சில் அப்படி வைத்துவிடாதீர்கள்.

நடைமுறையாக நான் சொல்வது இதுதான். கம்பெனி தொடங்கும்போது நிர்வாகம் உங்களுக்கு, இயக்குநராகச் சம்பளத்தோடு. பங்கு மட்டும் மூன்று பிள்ளைகளுக்கும் உண்டு. உங்களுக்குக் கூடுதலாக வேண்டும் என்றால் அதற்குக் காரணத்தை அப்பா எல்லார் முன்னாலும் சொல்லட்டும். தம்பி வெளிநாட்டில் இருப்பதால் அவர் பங்கு வைத்துக்கொள்ளத் தனியாகச் சில காகிதங்கள் உண்டு, அது முடியாத காரியமல்ல. யாராவது விலக நினைத்தால் பங்குக்கு விலை எப்படிப் போடுவது என்பதை இப்போதே எழுதிவிடுங்கள். கேபிள் தொழிலில் கனெக்ஷனுக்கு இவ்வளவு என்று பேசுகிற வழக்கம் இருக்கிறது. அதையே வைத்துக்கொள்ளலாம், ஃபைபர் கனெக்ஷனுக்கு ஒரு கணக்கு, கேபிளுக்கு ஒரு கணக்கு. ஒரே தடவையில் கொடுக்க முடியாவிட்டால் எத்தனை வருஷத்தில், என்ன வட்டியோடு என்பதையும் சேருங்கள். அப்பா இருக்கும்போது இந்த விலையைப் பேசினால் ஒரு மாலையில் முடியும். முர்டாக் வீட்டில் கோர்ட் வாசல் ஏறி இறங்கிய பிறகுதான் முடிந்தது.

கம்பெனி ஒப்பந்தத்தோடு அப்பா ஒரு உயிலும் எழுத வேண்டும், இரண்டும் ஒன்றுக்கொன்று முரணாக இருக்கக் கூடாது. உயிலைப் பதிவு செய்வது கட்டாயமில்லை, ஆனாலும் செய்துவிடுங்கள். சாட்சி இரண்டு பேர் வேண்டும், சொத்து வாங்குகிற யாரும் சாட்சி போட வேண்டாம். பேங்க் நாமினேஷனை உயில் என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். நாமினி பணத்தை வாங்கிக் கொடுக்கிறவர், அவ்வளவுதான்.

ஒரு சின்ன விஷயம், எல்லைப்புறம் என்பதால் சொல்கிறேன். உங்கள் ஜி.எஸ்.டி. எண் 32 என்று தொடங்கும், அது கேரளம். கோபாலபுரம், வேலந்தாவளம் செக்போஸ்ட் தாண்டி அந்தப் பக்கத்துச் சொந்தக்காரர் வீட்டுக்கு ஒரு வயர் இழுத்துக் கொடுப்பது நம் ஊரில் நடக்கிறதுதான். ஆனால் கம்பெனியான பிறகு அங்கே ஒரு ஆபீஸோ சாமானோ வைத்துத் தொழில் செய்தால் தமிழ்நாட்டின் 33ல் தனிப் பதிவு வேண்டும், போஸ்ட்டுக்கும் அந்த மாநிலத்து அனுமதி வேண்டும். பழைய வயர்கள் எத்தனை இப்படிப் போயிருக்கின்றன என்று லைன்மேன்களிடம் ஒரு கணக்கு எடுங்கள். நீங்கள் கேட்டால் சொல்ல மாட்டார்கள், அப்பாவை விட்டுக் கேட்கச் சொல்லுங்கள்.

இந்தப் பேச்சை அப்பாவிடம் எப்படி ஆரம்பிப்பது என்று நீங்கள் கேட்கவில்லை. ஆனால் தடை அங்கேதான் இருக்கும் என்று தெரியும். "உங்களுக்குப் பிறகு என்ன" என்று தொடங்காதீர்கள், எந்த அப்பாவுக்கும் அது பிடிக்காது. "கேபிள் பதிவு புதுப்பிக்கணும், கம்பெனி பேர்ல எடுத்தா நல்லதுன்னு ஆடிட்டர் சொல்றாரு" என்று தொடங்குங்கள். கம்பெனி என்றதும் பங்கு யார் பேரில் என்ற கேள்வி தானாக வரும். அந்த இடத்தில் நீங்கள் பேசாமல், அக்காவையும் கூப்பிடலாம் என்று மட்டும் சொல்லுங்கள். தம்பி அடுத்த லீவில் துபாயிலிருந்து எப்போது வருகிறார் என்று பார்த்து, அந்த வாரத்தில் எல்லாருமாகப் பாலக்காட்டில் என் ஆபீஸுக்கு வாருங்கள். எம்.எஸ்.ஓ. ஒப்பந்தம், போஸ்ட் வாடகை ரசீதுகள், மூன்று வருஷத்து ஜி.எஸ்.டி. கணக்கு, தோப்பின் மூலப் பத்திரம், எவ்வளவு பாக்கி வர வேண்டும் என்ற பட்டியல், இவற்றோடு அக்கா எழுதி வைத்த பழைய வசூல் நோட்டுகள் இருந்தால் அவற்றையும் எடுத்து வாருங்கள். எந்த வருஷத்தில் எந்தத் தெரு எத்தனை கனெக்ஷனாக இருந்தது என்று அதிலிருந்துதான் எனக்குச் சரியாகத் தெரியும்.